முழுசா ஓட்டாதீங்க, ரெஜினாக்கா

எங்கள் பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன மாதம் எனக்கு போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவள், முகம்கூடத் தெரியாது. சர்வரில் எந்த வேலையை ஓட்டுவதாக இருந்தாலும் முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும், மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று அங்கே இன்னும் ஒரு விதி இருக்கிறதாம். "ஒரே ஒரு டாஸ்க்கை ஓட்டுறதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ சடங்கு? யார் கொண்டாந்தது இதை?" என்று கேட்டாள். அவள் எரிச்சலில்தான் கேட்டாள். எனக்கோ உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அவள் போதும் என்று சொல்லும் வரை பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கணிதத்தில் பட்டம், தட்டச்சு, மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு என்று ஆளுக்காள் சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். கப்பலில் வந்த இரும்புப் பெட்டிகளைத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து அடுக்கிவைத்து, சுங்கச் சோதனை முடிந்ததும் லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம் அது. பெட்டியின் எண்ணை அடிப்பதுதான் என் வேலை. வருடக் கணக்கில் அடித்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் யார்டு முழுக்கக் கம்ப்யூட்டர் வந்தபோது என்னை சிஸ்டம்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். கேட்டுகளில் கம்ப்யூட்டர், மணலியில் எங்கள் எடைமேடையில் கம்ப்யூட்டர், அத்திப்பட்டு கிடங்கில் கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றால் நான் ஒரு பிளாப்பி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி ஜீப்பில் ஏற வேண்டும். ஒருபக்கம் கடல், மறுபக்கம் நகராத லாரி வரிசை. மணலி போனால் டேங்கர்களுக்கு நடுவே ஜீப் நிற்கும். கண் எரியும். கடைசி இயந்திரத்தில் வரியை மாற்றிவிட்டுத் திரும்பினால், முதல் கேட்டில் யாரோ அதைப் பழையபடி ஆக்கி வைத்திருப்பார்கள். மறுபடியும் ஜீப். டிரைவர் என்னைப் பார்த்தாலே வண்டிச் சாவியை ஒளித்துவைக்க ஆரம்பித்திருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் தனஞ்செயன் சார் எங்கள் பிரிவுக்கு மேலாளராக வந்தார். வியாசர்பாடிக்காரர், பௌத்தக் குடும்பம். வயதில் என்னைவிடச் சின்னவர், பதவியில் பெரியவர். அவர் என்னை ரெஜினாக்கா என்றார், நான் அவரை சார் என்றேன். கடைசி வரை இரண்டும் மாறவில்லை. டைரக்டர்களிடம் அழகாக இங்கிலீஷ் பேசுவார். அப்படியே திரும்பி எங்களிடம் பேசினால் அசல் வியாசர்பாடி. ஒரு மீட்டிங்கில் அதை ஒருவர் கிண்டல் செய்தபோது சார் கோபப்படவில்லை. "இது எங்கம்மா பேசற பாஷை சார். வாசல்ல கழட்டி வுட்டுட்டு வர்றதுக்கு செருப்பா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் விசைப்பலகையை அவர் தொடவே மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். திரையில் பிழை வந்தால், உடனே தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல், "இன்னாங்கறான்னு முழுசா படிங்க" என்பார். அவருக்கு இயந்திரம் எப்போதும் 'அவன்'தான். நாம் படித்து முடிப்பதற்குள் பாதி நேரம் விடை நமக்கே தெரிந்துவிடும். மீதிப் பாதி நேரம் அவரும் நம்மோடு சேர்ந்து முழிப்பார்.

அவர்தான் அந்த மென்பொருளைக் கொண்டுவந்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதன்மேல் எங்கள் தேவைக்குச் சிலவற்றை நாங்களே எழுதிச் சேர்த்தோம். ஒரு இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று வேலை வேலையாக எழுதிவைத்துவிட்டால், அது இணைப்பு வழியாக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் போய்ப் பார்க்கும். எழுதியபடி இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் மாற்றும். நான் ஜீப்பில் செய்ததை அது கம்பியில் செய்தது. முதல் முறை அவர் அதை விளக்கியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பொய் சொல்லி ஏமாற்றுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

எழுதி முடித்தபோது எங்கள் கோப்பில் அறுபதுக்கு மேற்பட்ட வேலைகள் சேர்ந்துவிட்டன. முழுதாக ஓட்டினால் மணிக்கணக்கில் ஓடும். நடுநடுவே ஒவ்வொரு இயந்திரத்தின் மென்பொருளையும் நிறுத்தி நிறுத்தித் தொடங்கும். பகலில் அப்படி ஓட்டினால் கேட்டில் ரசீது வராது, லாரிகள் ஹாரன் அடிக்கும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டினோம். கடிகாரம், பிரின்டர், தரவுத்தளம், வரைபடம், கேட் இப்படி. வரைபடம் என்பது யார்டில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே என்ன என்று திரையில் காட்டுவது. கட்டளையில் பெயரைச் சொன்னால் அந்தச் சீட்டு உள்ள வேலைகள் மட்டும் ஓடும், மற்றவை தூங்கும். நிஜமாக ஓட்டுவதற்கு முன், எதையும் மாற்றாமல் என்னென்ன நடக்கும் என்று மட்டும் வரிசையாகச் சொல்ல வைக்கலாம். அதை ஒத்திகை என்போம்.

ஒத்திகைக்கும் முன்னால் சாரின் மூன்று கேள்விகள். "இன்னா ஓட்டப் போறீங்க? எங்க ஓட்டப் போறீங்க? இன்னாத்த தொடவே கூடாது?" வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனசுக்குள் சொன்னால் ஆகாது. பிரிவில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

முதலில் ஓட்டியது கடிகாரம். எங்கள் கேட்டுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேட்டில் உள்ளே போன லாரி, இன்னொரு கேட்டில் உள்ளே போவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டதாக ரசீது சொல்லும். தினம் சண்டை. நான் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னேன், ஒத்திகை பார்த்தேன், கடிகாரம் என்ற ஒரே சீட்டைக் கொடுத்து எண்டரை அழுத்தினேன். திரையில் ஒவ்வொரு இயந்திரமாகப் பெயர் வந்து மாறியது என்று காட்டிக்கொண்டே போனது. முதல் கேட், இரண்டாவது கேட், மணலி, அத்திப்பட்டு! நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. உடனே போன் அடித்தது. முதல் கேட்டில் உட்கார்ந்திருந்த கிளார்க். "யக்கா, இங்க மணி தானா குதிச்சிட்டு போவுது, பேய் கீய் கீதா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கணக்குப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ராயபுரம் வரை பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை.

அதன்பின் இரண்டு மூன்று வருடங்கள் சீட்டு சீட்டாக ஓட்டிப் பழகினோம். பிறகு வந்தது நான் சொல்ல வந்த அந்த நாள்.

நல்ல வெயில் காலம், முற்பகல். யார்டு சர்வர் என்றைக்காவது படுத்துவிட்டால் மாற்றாக இருக்கட்டும் என்று அத்திப்பட்டு கிடங்கில் ஒரு இயந்திரத்தை நிறுத்தியிருந்தோம். யார்டின் தரவு மணிக்கு ஒருமுறை நகலாகி அதன் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், வந்து விழும். நகல்தான் விழும், அதைத் திறந்து காட்டும் மென்பொருள் எதுவும் இன்னும் அதில் ஏறவில்லை. அதை முழு சர்வராக ஆக்கத்தான் லேப்டாப்போடு நான் அங்கே போயிருந்தேன். அனல்மின் நிலையத்தின் கரித்தூள் ஜன்னலில் படிந்திருக்கும் அறை. கிடங்குப் பொறுப்பாளர் காதர் பாய் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்துக் கொடுத்தார். மதியம் ஆரம்பித்து முழுதாக ஓட்டுவதாகத் திட்டம்.

அதற்குள் சார் போன் செய்தார். அவர் குரலில் வேகம் இல்லை. அதனாலேயே பயந்து எழுந்து நின்றேன். யார்டில் ஒரு பெட்டியிலிருந்து மஞ்சளாகப் புகை வருகிறது, அமில டிரம் ஏதோ உள்ளே உடைந்திருக்கிறது, எல்லோரையும் வெளியேற்றியாகிவிட்டது, மூச்சுத் திணறிய இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். ஆபீஸ் கட்டிடம் புகை போகிற திசையில் இருக்கிறது, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள், சர்வர் நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. புகையை அமுக்கத் தண்ணீரைத் திரையாகப் பீய்ச்ச வேண்டும் என்கிறார் அவர்களுடைய அதிகாரி. வீடுகள் நெருங்கிய காலடிப்பேட்டைப் பக்கம் காற்று திரும்புவதற்குள் செய்ய வேண்டும். ஆனால் அக்கம்பக்கத்துப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர் விட அவருக்கும் மனசில்லை. பெட்டிகள் நெருக்கமாக அடுக்கி இருப்பதால் பக்கவாட்டில் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டு எதுவும் கண்ணில் படவில்லை. காகிதங்கள் எல்லாம் அந்தக் கட்டிடத்துக்குள்.

"யார்டு மேப்பு உங்காண்டதான் கீது ரெஜினாக்கா" என்றார் சார். "தொறக்க முடியுமா?"

முடியும், ஆனால் முழுதாக ஓட்டினால் சாயங்காலம் ஆகிவிடும் என்றேன்.

"முழுசா ஓட்டாதீங்க. மேப்பு வர்றதுக்கு இன்னா வோணுமோ அத்த மட்டும் ஓட்டுங்க. நான் போனை வெக்க மாட்டேன்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிடம் எனக்குப் பயம் போய்விட்டது. உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியது. இதைத்தானே மூன்று வருடமாகப் பழகியிருக்கிறோம்! போனைக் காதர் பாய் கையில் கொடுத்து என் காதோடு பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சார் அப்போதும் மூன்று கேள்விகளையும் கேட்டார். பின்னால் சைரன் சத்தம், ஆட்கள் கத்தும் சத்தம், நடுவில் நிதானமாக, "இன்னா ஓட்டப் போறீங்க?" தரவுத்தளம், வரைபடம் இரண்டு சீட்டு மட்டும் என்றேன். எங்கே? அத்திப்பட்டு இயந்திரம் ஒன்றில் மட்டும். எதைத் தொடவே கூடாது? வட்டில் இருக்கும் நகலை, என்றேன். அதுதானே மிச்சம் இருக்கும் ஒரே நகல்.

ஒத்திகையை ஓட்டினேன். வரிகள் வந்தன. முதல் வரியைப் படித்ததும் என் விரல் விசையிலிருந்து தானாகவே விலகிவிட்டது. நான் கேட்காத ஒரு வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. தரவு வட்டைத் துடைத்துக் காலியாக்கு.

சாரிடம் படித்துக் காட்டினேன். அதைப் போட்டது தான்தான் என்றார். அத்திப்பட்டு மாற்று இயந்திரத்துக்காக மட்டும் எழுதிய வேலை அது. இயந்திரத்தைக் கட்டும்போது முதலில் வட்டைச் சுத்தமாக்கிவிட்டு, யார்டிலிருந்து புதிதாகத் தரவை இழுக்க வேண்டும். அதனால் எந்தச் சீட்டைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எப்போதும் ஓடு என்று அந்த வேலைக்குக் குறித்து வைத்திருந்தாராம். மற்ற நாளில் அது சரி. இன்று யார்டு சர்வர் செத்துக் கிடக்கிறது. துடைத்துவிட்டால் மறுபடி இழுக்க இடமே இல்லை.

"அத்த பேர் சொல்லித் தாண்டுங்க" என்றார். "மறுபடியும் ஒத்திகை."

எங்கள் மென்பொருளில் ஒரு வேலையைப் பெயர் சொல்லி விலக்கவும் வழி இருந்தது. விலக்கினேன். மறுபடி ஒத்திகை. இந்த முறை அந்த வரி இல்லை. முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்தேன். சார் ம் கொட்டிக்கொண்டே வந்தார். எண்டர்.

தரவுத்தளம் ஏறியது. வரைபட மென்பொருள் ஏறியது. வெறும் ஓசைதான், மின்விசிறிச் சத்தம்தான், ஆனால் எனக்கு அது கப்பல் கிளம்புகிற மாதிரிக் கேட்டது. திரையில் யார்டு வரைபடம் திறந்தது. காதர் பாய் "வந்துடுச்சும்மா" என்றார்.

வரவில்லை. கட்டங்கள் வந்தன, கட்டங்களுக்குள் ஒன்றும் இல்லை. எந்த வரிசை எங்கே ஆரம்பிக்கிறது, எத்தனை அடுக்கு என்கிற அமைப்புக் கோப்பு இல்லாமல் பெட்டிகளை எங்கே காட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை. அந்தக் கோப்பை வைக்கும் வேலை எந்தச் சீட்டில் இருக்கிறது என்று தேடினேன். 'கேட்' சீட்டில் இருந்தது. லாரிக்கு வரிசை எண் சொல்லி அனுப்புவது கேட் என்பதால் யாரோ அதை அங்கே சேர்த்துவிட்டிருக்கிறார்கள்.

இப்போது வந்தது பெரிய சிக்கல். கேட் என்ற சீட்டைக் கொடுத்தால் அந்தச் சீட்டில் உள்ள எல்லாமே ஓடும். கடைசி வேலை, கேட்டுகளுக்குப் புது சர்வர் தயார் என்று செய்தி அனுப்புவது. யார்டில் மின்சாரம் இல்லையே தவிர, கேட் இயந்திரங்கள் பேட்டரியில் உயிரோடு இருந்தன. சர்வர் வந்துவிட்டது என்று தெரிந்த உடனே அவை வரிசையில் முதலில் நிற்கும் லாரிக்குத் தடுப்புக்கட்டையைத் தூக்கிவிடும். எண்ணூர் சாலையில் லாரிகள் நிற்கின்றன. முதல் லாரிக்காரர் கட்டை தூக்கியதைப் பார்த்தால் உள்ளே வரத்தான் செய்வார். உள்ளே புகை.

சாரிடம் சொன்னேன். அவர் கேட்டில் ஆள் நிறுத்துவதாகச் சொன்னார். ஆனால் கூட்டத்தில் யாரை நம்புவது? வேண்டாம் சார், ஒவ்வொன்றாகக் கேட்கவைக்கிறேன் என்றேன். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் நின்று, ஓட்டட்டுமா வேண்டாமா என்று கேட்கிற ஒரு முறையும் அதில் இருந்தது. பகலில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள், அத்தனை மெதுவாகப் போகும். அன்று அதைத்தான் எடுத்தேன்.

முதலில் வட்டைத் துடைப்பதைத்தான் கேட்டது, மறுபடியும். வேண்டாம். ரசீது பிரின்டர்? வேண்டாம். எடைமேடை இணைப்பு? வேண்டாம். கேமரா? வேண்டாம். ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துத்தான் பதில் அழுத்தினேன், கை அவசரப்படக் கூடாதே என்று. வரிசை அமைப்புக் கோப்பு? வேண்டும்! அழுத்தினேன். கோப்பு போய் உட்கார்ந்தது. அடுத்த கேள்விக்குப் பதிலே சொல்லாமல் அங்கேயே நிரலை நிறுத்தினேன்.

வரைபடத்தை மறுபடி திறந்தேன். நிரம்பியது. பெட்டி பெட்டியாக, நிறம் நிறமாக, எங்கள் யார்டு முழுக்க அந்தக் கரித்தூள் அறையில் வந்து நின்றது. நான் கத்திவிட்டேன் என்று காதர் பாய் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை.

புகைகிற பெட்டியின் எண்ணைச் சார் சொன்னார். தேடினேன், கிடைத்தது. நைட்ரிக் அமிலம். வலது பக்கம் துணி. இடது பக்கம் பீங்கான் ஓடு. பின்வரிசையில் கீழே ஒன்று, அதன் மேலே ஒன்று. இரண்டிலும் கால்சியம் கார்பைடு. கேஸ் வெல்டிங் பட்டறையில் பார்த்திருப்பீர்களே, மாங்காய் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாக வைப்பார்களே, அந்தக் கார்பைடு கல். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு பொங்கும். கீழ்ப்பெட்டிக்கு நேராக இன்னொரு குறிப்பும் இருந்தது. சோதனைக்காகத் திறந்தது, டிரம்களின் முத்திரை நீக்கப்பட்டது. இரண்டையும் வேறு இடத்துக்கு மாற்றும்வரை தற்காலிகமாக அங்கே வைத்திருந்தார்களாம். தற்காலிகம் என்ற அந்தச் சொல்லை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது.

படித்தேன். சார் அப்படியே திரும்பி அதிகாரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. குழாய் விரித்தாகிவிட்டது, திறக்கவேண்டியதுதான் பாக்கி என்று இருந்த நேரமாம். அதிகாரி ஒரு வார்த்தை சொன்னார், எல்லாம் நின்றது.

கார்பைடு பெட்டிகளை முதலில் அங்கிருந்து எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகுதான் தண்ணீர். எடுக்கக்கூடிய வண்டி ஒன்றுதான், பெட்டியைத் தூக்கி அடுக்குகிற பெரிய வண்டி. அதை ஓட்டுபவர் அந்தோணி, காசிமேட்டு மீனவக் குடும்பம், எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தேர் தள்ளுகிறவர். பின்வரிசைக்குக் காற்று வரும் பக்கமாகவே போகலாம், முகமூடி தருகிறோம், எங்கள் ஆள் இரண்டு பேர் கூடவே வருவார்கள் என்று அதிகாரி சொன்னாராம். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று சார் உறுதியாக நின்றார். சொன்னார்கள். அந்தோணி போனைக் கேட்டு வாங்கினார்.

"யக்கா, நீ மேப்பாண்டதான குந்திகினு கீற? நல்லா பாத்து சொல்லு. ரெண்டா, மூணா?"

"ரெண்டு, அந்தோணி. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு" என்றேன். சொன்ன உடனே இன்னொன்றையும் சொல்லத் தோன்றியது. "ஆனா இது பத்து மணி நகல். அதுக்கப்புறம் நடந்தது இதுல இல்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பத்து மணிக்கு அப்பால நான்தான தூக்கினேன். அந்த வரிசையில ஒரு காலிப் பொட்டிய மேல வெச்சேன்க்கா. அப்ப மூணு. கரீட்டு. ரெண்டுன்னு நெனச்சிகினு கொக்கிய எறக்கியிருந்தா மோதியிருக்கும்." போனைச் சாரிடம் கொடுத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

பிறகு எனக்குக் கேட்டது இன்ஜின் சத்தம் மட்டும்தான். நான் லேப்டாப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். சார் நடுநடுவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். காலி எடுத்தாச்சு. மேலது எடுத்தாச்சு. கடைசிப் பெட்டி நீண்ட நேரம் எடுத்தது. அடிப்பக்கம் துருப்பிடித்திருந்ததால் அந்தோணி அதைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அங்குலம் அங்குலமாகத் தூக்கினாராம். அதைக் கொண்டுபோய் கடல் பக்கத்துச் சுவரோரம் இறக்கியதும் அங்கே நின்றவர்கள் கைதட்டியது போனில் கேட்டது. அதற்குப் பிறகு தண்ணீர் விட்டார்கள். மஞ்சள் புகை உட்கார்ந்தது. காற்று திரும்பத்தான் செய்தது, ஆனால் அப்போது கொண்டுபோக அதனிடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன இருவரும் அந்த வாரத்திலேயே வேலைக்குத் திரும்பினார்கள்.

சார் கடைசியாகப் போனில் சொன்னது, "சாப்ட்டுட்டு வாங்க ரெஜினாக்கா." காதர் பாய் அப்போதுதான் கையை இறக்கினார். அவர் விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்றன, நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். இருவரும் அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். மீன் குழம்பு. அவ்வளவு பசியோடு நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

விசாரணை நடந்தது. அடுக்கும் முறையை மாற்றினார்கள். வட்டைத் துடைக்கும் வேலையிலிருந்து எப்போதும் ஓடு என்ற குறிப்பைச் சார் தன் கையாலேயே எடுத்தார். வரிசை அமைப்புக் கோப்புக்கு வரைபடச் சீட்டையும் சேர்த்து ஒட்டினோம். மூன்று கேள்விகளைச் சொல்லி யாரும் சிரிப்பதில்லை என்று ஆயிற்று. அந்தோணியைக் கூப்பிட்டு நிர்வாகம் சால்வை போர்த்தியது. அவர் அதை வண்டி சீட்டுக்கு உறையாகப் போட்டுக்கொண்டார்.

எங்களுக்கு நிஜமான விழா மறுநாள் காலையில்தான். இரவோடு இரவாகக் கட்டிடத்தைச் சுத்தம் செய்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். யார்டு சர்வர் எழுந்தது. சாரும் நானும் மிச்சம் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிச் சரிபார்த்தோம். அவர் வழக்கம்போல் பின்னால் கை கட்டி நின்றார். எல்லாம் முடிந்து ஒன்றுதான் பாக்கி, கேட். இதை இங்கிருந்து பார்த்தால் போதாது சார் என்றேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதல் கேட்டுக்கு நடந்தோம். கேட் கிளார்க்கின் மேசையில் வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஒத்திகை பார்த்து, எண்டரை அழுத்தினேன்.

தடுப்புக்கட்டை ஒரு குலுக்குக் குலுக்கி மேலே எழுந்தது. முந்தின நாளிலிருந்து முதல் ஆளாக நின்ற லாரி உறுமிக்கொண்டு முன்னால் வந்தது. டிரைவர் கண் சிவந்து, தலையில் துண்டோடு, ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினார். என்னையும் என் கையில் இருந்த லேப்டாப்பையும் பார்த்தார்.

"இன்னா யக்கா, நேத்து பூரா தூங்கிகினு இருந்தீங்களா? ஒரு கட்டைய தூக்க ஒரு நாளா?"

சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கட்டியிருந்த கையை முதல் முறையாக அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வழிய, அந்த மனிதரின் லாரியை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே போங்கண்ணே, போங்க என்று வழிவிட்டேன்.